மாட்டுக்குப் பல், கம்ப்யூட்டருக்கு நம்பர்!

சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்.

கொம்பு சீவி, வர்ணம் பூசி, கழுத்தில் சலங்கை கட்டி மாட்டை நிறுத்தி இருப்பார்கள். விவசாயி அதற்கெல்லாம் மயங்க மாட்டார். பல் சொல்லும் வயதைத்தான் நம்புவார். தேனிப் பக்கத்து விவசாயிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை.

ஆனால், அதே விவசாயி தன் மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போகிறார். அங்கே பல்லைப் பார்ப்பது இல்லை. கடைக்காரர் சொல்வதைக் கேட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

கம்ப்யூட்டருக்கும் பல் உண்டு. அதைப் பார்க்கத் தெரியாத காரணத்தால் பல வீடுகளில் பணம் பாழாகிறது. பார்க்கத் தெரிந்துகொள்வது கடினம் அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

அல்லிநகரத்தில் ஒரு வீடு

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். இருப்பது அல்லிநகரம். தகப்பனார் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறார். தாயார் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறார். மூத்த பெண் அரசாங்க உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதுகிறாள். பையன் பிளஸ் டூ படிக்கிறான்.

வீட்டில் 2014-ம் ஆண்டில் வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. காலையில் அதன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, காப்பி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்த பிறகுதான் அது கண்ணைத் திறக்கிறது.

தாயார் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்.

“ஏந் தம்பி, இதைச் சரிபண்ண முடியுமா?”

“அட போங்கக்கா! இது நாலாம் தலைமுறை. இப்போ பதினாலே வந்து பழசாயிருச்சு. இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எடுங்க.”

வீட்டில் ரொக்கம் இல்லை. தாயாரின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகப் பார்க்கிறது.

அந்தச் சங்கிலி போகத்தான் வேண்டுமா? இதுதான் கேள்வி.

தலைமுறை என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குள் ஒரு மூளை இருக்கிறது. அதற்குப் பிராசசர் என்று பெயர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கூட்டல், கழித்தல், ஒப்பிட்டுப் பார்த்தல் எல்லாம் அதன் வேலை. படம் காட்டுவதும் பாட்டுப் பாடுவதும் கூட அதற்குக் கணக்குத்தான்.

இந்த மூளையைச் செய்கிற பெரிய கம்பெனிகள் இரண்டு. ஒன்று இன்டெல். மற்றொன்று ஏஎம்டி. இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள்.

1971-ம் ஆண்டில் இன்டெல் தன்னுடைய முதல் பிராசசரை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் 4004. அதில் இருந்த நுண்ணிய ஸ்விட்சுகள் சுமார் 2,300. இன்றைய பிராசசர்களில் அவை பல நூறு கோடி!

ஓர் ஆண்டுக்கோ இரண்டு ஆண்டுக்கோ ஒரு முறை, கம்பெனி தன் பிராசசரைத் திருத்தி, புதிதாக ஒரு வரிசையை வெளியிடுகிறது. அந்த வரிசையைத்தான் தலைமுறை என்கிறார்கள். இன்டெல்லின் இரண்டாம் தலைமுறை 2011-ல் வந்தது. நாலாம் தலைமுறை 2013-ல் வந்தது. ஆறாம் தலைமுறை 2015-ல் வந்தது. மேஜைக் கம்ப்யூட்டருக்கான எட்டாம் தலைமுறை 2017 அக்டோபரிலும், பன்னிரண்டாம் தலைமுறை 2021 நவம்பரிலும், பதினாலாம் தலைமுறை 2023 அக்டோபரிலும் வந்தன.

தாத்தா, தகப்பன், பேரன் மாதிரிதான். ஆனால் பேரன் என்பதாலேயே எல்லாப் பேரனும் கெட்டிக்காரன் ஆகிவிடமாட்டான்!

பல்லைப் பார்ப்பது எப்படி?

கம்ப்யூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பிராசசரின் பெயர் தெரியும். ‘கோர் ஐ5-4460’ என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு கோட்டுக்குப் பின்னால் இருக்கிற நம்பரைப் பாருங்கள். மேஜைக் கம்ப்யூட்டரில் அது நாலு இலக்கமாக இருந்தால், முதல் இலக்கம்தான் தலைமுறை. 4460 என்றால் நாலாம் தலைமுறை. 8400 என்றால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால், முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

இவ்வளவுதான். இதுதான் பல்.

கோட்டுக்கு முன்னால் இருக்கும் ஐ3, ஐ5, ஐ7 என்பது வயது அல்ல. அது ஒரே வீட்டில் பிறந்த சின்னவன், நடுவுள்ளவன், பெரியவன் என்கிற கணக்கு. இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள்.

‘ஐ7 கம்ப்யூட்டர், மலிவு விலை’ என்று விளம்பரம் வருகிறது. அலுவலகங்கள் கழித்துப் போட்ட பழைய யந்திரங்களைத் துடைத்து, புதுப் பெட்டியில் வைத்து விற்பதும் உண்டு. ஐ7 என்றதும், பெரிய சமாசாரம் என்று நினைத்து வாங்குகிறார்கள். நம்பரைப் பார்த்தால் ஐ7-2600 என்று இருக்கிறது. அது 2011-ல் பிறந்தது!

2022 ஜனவரியில் ஐ3-12100 என்ற பிராசசர் வந்தது. பன்னிரண்டாம் தலைமுறையின் சின்னப் பிள்ளை. இரண்டு பேருக்கும் நாலு நாலு கோர்தான். ஆனாலும் இந்தச் சின்னப் பிள்ளை, 2011-ம் ஆண்டின் பெரியவனை ஓட்டத்தில் தோற்கடித்துவிடும். மின்சாரத்தையும் குறைவாகவே குடிக்கும்.

ஆகவே, ‘ஐ எத்தனை?’ என்று மட்டும் கேட்பது போதாது. ‘கோட்டுக்குப் பின்னால் என்ன நம்பர்?’ என்று கேளுங்கள்.

மோட்டாரா, குழாயா?

இனி, அல்லிநகரத்து வீட்டுக்கு வருவோம். அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது. அதற்குக் காரணம் மூளைதானா?

கம்பம் பள்ளத்தாக்கில் கிணறு வைத்திருக்கும் விவசாயியைக் கேளுங்கள். 10 குதிரைசக்தி மோட்டாரை மாட்டிவிட்டு, ஓர் அங்குலக் குழாயைப் பூட்டினால் வயலுக்குத் தண்ணீர் வருமா? சொட்டும்! அப்போது மோட்டாரை மாற்றுகிறவன் புத்திசாலி அல்ல. குழாயை மாற்றுகிறவன்தான் புத்திசாலி.

பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அடைத்துக்கொண்டிருப்பது குழாய்தான். அந்தக் குழாயின் பெயர் ஹார்டு டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. கிராமபோன் ஊசி மாதிரி ஒரு கை, தட்டின் மேல் அங்கும் இங்கும் ஓடித் தகவலைத் தேடுகிறது. பிராசசரின் உள்ளே வினாடிக்கு 300 கோடித் துடிப்பு ஓடுகிறது. ஆனால் ஊசி வந்து சேரும் வரை அது கைகட்டிக் காத்திருக்கிறது.

இப்போது எஸ்எஸ்டி என்ற பொருள் வந்திருக்கிறது. அதில் சுற்றும் தட்டு இல்லை. ஓடும் ஊசி இல்லை. எல்லாம் சில்லுகள். கேட்டதும் தகவல் வந்துவிடும். 2014-ம் ஆண்டுக் கம்ப்யூட்டரிலும் அதை மாட்டலாம். புதுக் கம்ப்யூட்டரின் விலையில் அது ஒரு சிறு பங்குதான்.

அடைப்பு எங்கே என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பித்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு ஜன்னல் திறக்கும். யந்திரம் திணறுகிற நேரத்தில் அதைப் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டி, பிராசசர் 20, 30 சதவீதம் என்று காட்டினால், அடைப்பு டிஸ்கில். ரேம் முழுதும் நிரம்பி இருந்தால், அடைப்பு ரேமில். டிஸ்கும் ரேமும் சும்மா இருக்க, பிராசசர் மட்டும் எப்போதும் 100 சதவீதத்தில் நின்றால், அப்போதுதான் மூளை போதவில்லை என்று பொருள்.

வைத்தியம் நோய்க்குத்தான், நோட்டுக் கட்டுக்கு அல்ல!

விண்டோஸ் 10 விவகாரம்

‘அப்படியானால் தலைமுறையைப் பார்க்கவே வேண்டாமா?’ என்று கேட்கலாம். வேண்டும். ஓர் இடத்தில் அது கட்டாயம் வேண்டும்.

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்து வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் கம்பெனி நிறுத்தியது. வீட்டு உபயோகக்காரர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் கிடைக்கும் என்று அறிவித்தது.

திருத்தம் நின்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். பூட்டுத் துருப்பிடித்த வீடு மாதிரி. அந்த வீட்டில் பாங்குக் கணக்கையும் ஆதார் நம்பரையும் வைப்பது ஆபத்து.

அடுத்ததாக உள்ள விண்டோஸ் 11, எல்லாக் கம்ப்யூட்டரையும் உள்ளே விடுவது இல்லை. இன்டெல் என்றால், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை முதல்தான் அனுமதி. ஏஎம்டி ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசை முதல். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும்.

ஏழாம் தலைமுறை 2017 ஜனவரியில் வந்தது. எட்டாவது அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. ஒன்பது மாத வித்தியாசம்! ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே. ஓடத் தெம்பு இருந்தும் ஏழாம் தலைமுறைக்கு அனுமதி இல்லை.

‘குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன்’ என்று சிலர் சொல்லுவார்கள். ஏற்றலாம். ஆனால் அப்படி ஏற்றிய யந்திரங்களுக்குத் திருத்தம் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. காசு கொடுத்துச் சந்தேகத்தை வாங்கக் கூடாது.

மலைக்கு அந்தப் பக்கம்

விண்டோஸ் ஒன்றுதான் வழி என்று எண்ண வேண்டாம். கம்பத்தைத் தாண்டி மலை ஏறினால் குமுளி. குமுளியிலேயே கேரளம் தொடங்கிவிடும். அந்த மாநிலத்து அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிப்பது லினக்ஸில். ‘கைட்’ என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்கு என்றே அதைத் தயார் செய்து கொடுக்கிறது. லினக்ஸுக்கு விலை இல்லை. பழைய பிராசசரிலும் ஓடும். திருத்தங்களும் வந்துகொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிது அல்ல. சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் சென்னை நிலையம் ‘பாஸ்’ என்ற லினக்ஸை 2007-ல் வெளியிட்டது. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த யந்திரங்களில் விண்டோஸோடு கூட அதுவும் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்குள்ளேயே சாவி இருக்க, பூட்டை உடைக்க ஆள் தேடியது போலத்தான்!

பரீட்சைக்கு விண்ணப்பம் போடலாம். பாடம் பார்க்கலாம். தமிழில் கடிதம் அடிக்கலாம். லினக்ஸில் எல்லாம் நடக்கும். ஆனால், பிழைப்புக்கு வேண்டிய கணக்கு நிரல் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்றால், கதை வேறு. அவர்கள் தலைமுறையைப் பார்த்தே தீர வேண்டும்.

உட்காரும் பலகை

புது மூளை வாங்க முடிவு செய்துவிட்டால், இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிராசசர் உட்காருவதற்கு மதர்போர்டில் ஒரு பலகை மாதிரி இடம் இருக்கிறது. அதற்குச் சாக்கெட் என்று பெயர். எல்லாத் தலைமுறையும் எல்லாப் பலகையிலும் உட்காராது.

இன்டெல்லின் ஆறு, ஏழு, எட்டாம் தலைமுறைகளுக்கு ஒரே மாதிரி 1,151 தொடுமுனைகள். பார்த்தால் பொருந்துகிற மாதிரி இருக்கும். ஆனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக்கான போர்டில் எட்டாம் தலைமுறை வேலை செய்யாது! இது தெரியாமல் பிராசசரை மட்டும் வாங்கி வந்து கையைப் பிசைந்தவர்கள் உண்டு.

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு ஆகிய மூன்றும் ஒரே சாக்கெட். 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு மறுபடியும் சாக்கெட் மாறிவிட்டது. ஏஎம்டி கம்பெனியோ ஏஎம்4 என்ற ஒரே சாக்கெட்டைப் பல தலைமுறைக்கு வைத்திருந்தது. 2018-ல் வாங்கிய பி450 போர்டில், உள்ளே இருக்கும் பயாஸைப் புதுப்பித்துவிட்டு, 2020 முதல் வந்த ரைசன் 5000 வரிசைப் பிராசசரை மாட்டலாம். அப்படிப்பட்ட வீட்டுக்குப் பிராசசர் ஒன்றே போதும்.

ரேமுக்கும் தலைமுறை உண்டு. நாலாம் தலைமுறைப் பிராசசருக்கு டிடிஆர்3. ரைசன் 5000-க்கு டிடிஆர்4. கோர் அல்ட்ரா 200-க்கு டிடிஆர்5. ஒன்றின் ரேம் மற்றொன்றில் ஏறாது. 2025-ம் ஆண்டு இறுதியில் ரேம் விலை உலகம் எங்கும் தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கு என்று அமைக்கும் பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் அள்ளிக்கொண்டு போனதே காரணம். கையில் நல்ல டிடிஆர்4 ரேம் இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். பன்னிரண்டாம் தலைமுறைக்கு டிடிஆர்4 ஏற்கும் போர்டுகளும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

புதியது எல்லாம் பொன் அல்ல என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறையின் அதிக சக்தி வாய்ந்த மேஜைப் பிராசசர்களில் கோளாறு இருப்பதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தை 2 ஆண்டு நீட்டியது. மேலும், பதினான்கு என்பது பெரும்பாலும் பதின்மூன்றுக்குப் புதுச் சட்டை போட்டதுதான். அந்த ஒரு நம்பருக்காக அதிகப் பணம் கொடுப்பது வீண்.

எந்த வீட்டுக்கு எது?

வீட்டில் இருப்பது ஐந்தாம் தலைமுறை வரை என்றால்: எஸ்எஸ்டி மாட்டுங்கள். ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். லினக்ஸ் போடுங்கள். அதற்கு மேல் அதில் பணம் போட வேண்டாம்.

ஆறு, ஏழு என்றால்: அதே வைத்தியம். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் மட்டும் மாற்றத்துக்குப் பணம் சேருங்கள்.

எட்டு அல்லது அதற்கு மேல் என்றால்: பிராசசரைத் தொடவே வேண்டாம். எஸ்எஸ்டி இல்லாவிட்டால் மாட்டுங்கள். டிபிஎம் சில்லு பல போர்டுகளில் அணைத்து வைக்கப்பட்டு இருக்கும். அதை இயக்கினால் விண்டோஸ் 11 வந்துவிடும்.

போர்டோடு புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்: பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5, இல்லாவிட்டால் ரைசன் 5000 வரிசை. வீட்டு வேலைக்கும், படிப்புக்கும், கடைக் கணக்குக்கும் இவை தாராளம். சினிமாப் படம் வெட்டி ஒட்டுகிற தொழில் செய்கிறவர்கள் மேலே போகட்டும்.

பில்லில் எழுதுங்கள்!

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாணயமான வியாபாரிகள்தான் அதிகம். அவர்களுடைய நல்ல பெயரைக் காப்பாற்றுவதற்கும் ஒரு வழி இருக்கிறது. ‘ஐ5 கம்ப்யூட்டர் ஒன்று’ என்று பில் போடாதீர்கள். பிராசசரின் முழு நம்பர், ரேமின் வகை, புதியதா பழையதா என்ற விவரம், மூன்றையும் எழுதிக் கொடுங்கள். மூன்று வரி எழுதுவதற்கு மூன்று நிமிடம் ஆகாது.

வாங்குகிறவர்களும் கேட்டு வாங்க வேண்டும். பொருளின் தரத்தைத் தெரிந்துகொள்வது வாங்குகிறவரின் உரிமை என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லுகிறது. பில்லில் ஒன்று, பெட்டிக்குள் வேறொன்று என்றால், 1915 என்ற நம்பருக்குப் போன் செய்து முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பில் இருந்தால்தான் வழக்கு நிற்கும். பில் இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாது.

கழித்த சாமான்களைக் கண்ட இடத்தில் எரிக்க விடாதீர்கள். அவற்றில் ஈயம் முதலிய நஞ்சுகள் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற நிலையங்களிடம்தான் அவை போய்ச் சேர வேண்டும்.

சங்கிலி கழுத்தில் இருக்கட்டும்

அல்லிநகரத்து வீட்டுக்கு என்ன தீர்ப்பு?

அங்கே இருப்பது நாலாம் தலைமுறை. பெண் விண்ணப்பம் போட வேண்டும். பையன் பாடம் படிக்க வேண்டும். தகப்பனார் கணக்கு எழுதுவது கடையில், வீட்டில் அல்ல. ஓர் எஸ்எஸ்டி, கொஞ்சம் ரேம், விலை இல்லாத லினக்ஸ். இவ்வளவு போதும். காப்பி போட அடுப்பு மூட்டுவதற்குள் திரை கண்ணைத் திறந்துவிடும்.

பெண் உத்தியோகத்துக்குப் போய், முதல் சம்பளத்தில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கட்டும். அன்றைக்கு எந்தத் தலைமுறை வந்திருக்குமோ, அதன் பல்லைப் பார்த்து வாங்கட்டும்.

அதுவரை தாயாரின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கட்டும்!